தட்டைப் பிரிக்கிறார்கள், ஜன்னலைச் சாத்துகிறார்கள்

நெஞ்சக நோய் வார்டில் செவிலியராக இருக்கிறேன். டியூட்டிக்கு வந்ததும் முதலில் என் கண் போவது ஜன்னல்கள் பக்கம்தான். குளிருகிறது என்று யாராவது சாத்தியிருப்பார்கள், நான் திறப்பேன், துணைக்கு வந்தவர் முகம் சுளிப்பார். "நான்தான் தள்ளி உட்கார்ந்திருக்கேனே சிஸ்டர்?"

தள்ளி உட்கார்வது நல்லதுதான். இருமும்போது தெறிக்கும் பெரிய துளிகள் பெரும்பாலும் ஓரிரு மீட்டருக்குள் கீழே விழுந்துவிடும். ஆனால் காசநோய், தட்டம்மை, சின்னம்மை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகக் காற்றிலேயே மிதந்து அறை முழுக்கப் பரவக்கூடியவை. தட்டம்மை வந்தவர் எழுந்து போன பிறகும் 2 மணி நேரம் வரை அந்த அறையில் கிருமி இருக்கலாம். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோரில் ரிச்சர்ட் ரைலி என்ற மருத்துவ ஆய்வாளரின் குழுவினர் காசநோய் வார்டின் காற்றை மட்டும் குழாய் வழியாகக் கினிப் பன்றிகள் இருந்த கூண்டுக்கு அனுப்பினார்கள். நோயாளிகளின் பக்கத்திலேயே வராத அந்தப் பிராணிகளுக்கும் காசநோய் தொற்றியது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன். அப்புறம், சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையேதான் திருப்பித் திருப்பிச் சுற்றவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டு வருவதில்லை. பலருக்கு இது தெரிவதே இல்லை.

மாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். இருமுகிறவருக்குச் சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போதும், துளிகள் வெளியே வரும் இடத்திலேயே பெருமளவு தடுத்துவிடும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் எங்களுக்கு, நுண்துகள்களையும் வடிகட்டி முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 மாஸ்க் வேண்டும். அதைப் போட்டதும் மூக்கின் மேலுள்ள கம்பியை இரண்டு கை விரல்களாலும் அழுத்தி, மாஸ்க்கை உள்ளங்கைகளால் மூடி, பலமாக ஊதிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கீழே காற்று பட்டால் இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு நல்ல மாஸ்க்காக இருந்தாலும் அந்த இடுக்கு வழியாகத்தான் மூச்சு போய் வரும்.

எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. காசநோய் என்று தெரிந்ததும் வீட்டில் தட்டு, டம்ளர், போர்வை எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறார்கள், ஆனால் அவர் படுக்கும் அறையின் ஜன்னலைச் சாத்தியே வைக்கிறார்கள். தட்டு, டம்ளர் வழியாகக் காசநோய் பரவாது. சரியான மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களிடமிருந்து சில வாரங்களிலேயே தொற்று பரவுவது வெகுவாகக் குறைந்துவிடும், ஆனால் மருந்தை மாதக்கணக்கில் முழுசாக முடிக்க வேண்டும், அதற்கு வீட்டு மனிதர்களின் துணை வேண்டும். தட்டைக்கூட ஒதுக்கிவைத்த வீட்டில் அவர் யாரிடம் போய் "இன்னைக்கு மாத்திரை குமட்டுது" என்று சொல்வார்?