நரியின் தலை பழுதாகாமல் கொழும்பு போய்ச் சேர வேண்டும்

பட்டப்பகலில் நரி வளவுக்குள் புகுந்து நாயோடு மல்லுக்கட்டினால் விசர் (ரேபிஸ்) என்றே முதலில் எண்ண வேண்டும். தாடை தொங்கி, வீணீர் வடிய, பின்கால் இழுபட வரும் கீரியையும் மரநாயையும் அப்படித்தான் பார்க்கிறோம். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயிலும் இதே குணங்கள் தெரியும். மூளையைச் சோதிக்காமல் முடிவு சொல்ல ஏலாது.

காட்டுவிலங்குகளில் விசர் கண்காணிப்பு என்றதும் கூடு வைத்துப் பிடிக்கத்தான் பலர் யோசிக்கிறார்கள். சுகமாகத் திரியும் நரிகளைப் பிடித்துச் சோதிப்பதில் அநேகமாக ஒன்றும் அகப்படாது. ஆளையோ மாட்டையோ கடித்தது, காரணமின்றிச் செத்துக் கிடப்பது, ஏ9 வீதியில் அடிபட்டது, சோதனைக்கு இவைதான் தேவை. குளக்கட்டில் கட்டும் கமரா நரி எந்த வழியால் குப்பைமேட்டுக்கு வருகிறது என்று காட்டும், நோயைக் காட்டாது. கரீபியன் தீவுகளில் எலி பிடிக்க 1870களில் இந்தியாவிலிருந்து கொண்டுபோன கீரிதான் இன்று புவேர்ட்டோ ரிக்கோவில் விசரைப் பரப்பும் முக்கிய விலங்கு. அங்கேயும் சந்தேகத்துக்குரிய விலங்கின் தலைதான் ஆய்வுகூடத்துக்குப் போகிறது.

விலங்கின் மண்டையில் அடிக்கவோ சுடவோ கூடாது. மூளை சிதைந்தால் எல்லாம் வீண். விசருக்கு முற்காப்புத் தடுப்பூசி போட்டவர் மட்டுமே தலையை எடுக்க வேண்டும். தடித்த றபர் கையுறை, கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். மின்வாள் வேண்டாம், துகள் தெறிக்கும். மண்டை முடிந்து முதல் கழுத்தெலும்பு தொடங்கும் மூட்டில் கத்தியை விட்டால் சுலபமாகக் கழன்றுவிடும். மூளைத்தண்டும் சிறுமூளையும் தலையோடு வர வேண்டும், சோதனைக்கு அவைதான் முக்கியம்.

தலையை இரண்டு பொலித்தீன் பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கட்டி, றெஜிபோம் பெட்டியில் நிறைய ஐஸ் வைத்து மூடுங்கள். ஐஸையும் தனிப்பையில் கட்டுங்கள். இல்லாவிட்டால் கரைந்த தண்ணீர் பஸ்ஸில் ஒழுகும், பெட்டியை இறக்கிவிடுவார்கள். போர்மலின் ஊற்றக் கூடாது. விபரத்தாளைப் பென்சிலால் எழுதி வேறு பையில் போடுங்கள், பேனா மை ஈரத்தில் அழியும். எந்த விலங்கு, எந்த ஊர், யாரைக் கடித்தது, எப்போது செத்தது என்பவை அதில் இருக்க வேண்டும். பெட்டி பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போகும். வெள்ளி மாலை ஏற்றினால் சனி ஞாயிறு வழியில் கிடந்துவிடும்.

வன்னி வெயிலில் வெளியே கிடந்த உடலின் மூளை சீக்கிரமே பச்சையாகிக் கூழாகிவிடும். அதில் கிருமி கண்டால் அது உறுதி. காணாவிட்டால் 'இல்லை' என்று நம்ப முடியாது. அந்த 'இல்லை'யை நம்பித்தான் ஆட்கள் அலட்சியமாகிறார்கள்.

முடிவு வரும்வரை கடிபட்டவர் காத்திருக்கக் கூடாது. வீட்டு நாயைப் பதினான்கு நாள் கட்டிவைத்துப் பார்க்கும் முறை காட்டுவிலங்குக்குப் பொருந்தாது. காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரி கடித்த மாட்டை மாதக்கணக்கில் கவனியுங்கள். அது வீணீர் வடித்து, விழுங்க முடியாமல் அடித்தொண்டையால் கத்தும்போது, ஏதோ அடைத்திருக்கிறது என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.