புள்ளைங்க கட்டற காப்பு

போகிக்குக் காப்புக் கட்டறதை, அதாவது வேப்பிலை, பூவெல்லாம் கொத்தாக் கட்டி வீட்டுலயும் மாடு கட்டற எடத்துலயும் சொருகறதைப் புள்ளைங்க கிட்டக் குடுங்க. ஒரு கொத்துக்கு வேப்பிலை ரெண்டு இணுக்கு, பூளைப்பூ நாலு தண்டு, முன்னால ஒரு கொத்து ஆவாரம்பூ. நனைச்ச வாழைநாருல ரெண்டு சுத்து. நார் காஞ்சிருந்தா முடிச்சுலயே அறுந்துரும். ஆவாரம்பூவை மதியத்துக்கு மேல பறிங்க. காலைலயே பறிச்சா சாயங்காலத்துக்குள்ள வாடிரும். பூளையில மட்டும் தண்ணி படக்கூடாது, அந்த வெள்ளைப் பஞ்சு படிஞ்சு அழகே போயிரும்.

வாசல்ல சாணி தெளிச்சு, ஈரம் பாதி சுண்டுனப்புறம் கோலம். சொதசொதன்னு இருந்தா மாவு ஊறிக் கோடு கலைஞ்சிரும்.

எரவாணத்துலயும் (கூரையோட ஓரம்) கட்டுத்தறியிலயும் (மாடு கட்டற எடம்) சொருகுன கொத்துக் கோணலா இருந்தா இருக்கட்டுங்க, அவுத்துத் திருப்பிக் கட்டீராதீங்க. வர்ற சொந்தபந்தத்துகிட்ட "எங்க பாப்பா கட்டுனதுங்க"ன்னு அது காதுல விழற மாதிரியே சொல்லுங்க.