வைக்கோல் வண்டியும் வானமும்

ஐரோப்பிய ஓவியக் கழகங்களில் ரொம்ப காலம் ஒரு வரிசை இருந்தது. புராணம், போர், வேதாகமக் காட்சி வரைபவர்கள் மேலே. வயலும் ஆறும் வரைபவர்கள் எங்கோ கீழே.

ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் வயலை விடவில்லை. இங்கிலாந்தின் ஸ்டவர் ஆற்றங்கரையில் அவர் அப்பாவுக்கு மாவு மில். அதன் அருகே ஆற்றுக்குள் ஒரு வண்டி நிற்பதை ஆறடி அகலத்துக்கு வரைந்து 1821இல் லண்டனில் காட்சிக்கு வைத்தார். அதுதான் 'தி ஹே வெய்ன்', அதாவது வைக்கோல் வண்டி. அங்கே விலை போகவில்லை. 1824இல் அதே படத்துக்குப் பாரிஸில் தங்கப் பதக்கம்! உள்ளூர்ச் சரக்கை வெளியூர்க்காரன் சொன்னால்தானே மதிப்போம்.

எனக்கு அவருடைய மேகங்கள்தான் பிடிக்கும். 1821, 22இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் வெறும் வானத்தை மட்டும் வரைந்து தள்ளியிருக்கிறார். பலவற்றின் பின்பக்கம் தேதி, நேரம், காற்று வீசிய திசை எல்லாம் குறித்திருக்கிறார். வானிலை அறிக்கை கெட்டது போங்கள்.

அப்புறம், லண்டன் நேஷனல் கேலரிக்குப் போகிறவர்கள் அங்கே இருக்கும் 'தி ஹே வெய்ன்' படத்தில் வண்டிக் குதிரைகளின் சேணத்தைக் கவனியுங்கள். அவ்வளவு பச்சைக்கு நடுவே துளியூண்டு சிவப்பு. விரலால் மறைத்துப் பார்த்தால் படமே சோர்ந்துவிடுகிறது.