பிக்கப்புக்குப் புது ஏர் ஃபில்டர்: தேரி மண்ணுக்கு எது தாங்கும்?

வண்டி 2.5 லிட்டர் டர்போ டீசல் பிக்கப், உருளை வடிவப் பேப்பர் ஃபில்டர். ஓட்டம் முக்கால்வாசி திசையன்விளை, உவரி பக்கத்துத் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில். மீதி ராதாபுரத்துக் குவாரி ரோடு, அறுப்பு நேரத்தில் அம்பை, சேரன்மகாதேவி. மூன்று இடத்திலும் தூசி மூன்று விதம். தேரியில் மணல் தானாகக் கீழே உட்கார்ந்துவிடும், அதோடு கிளம்பும் செம்மாவுதான் உள்ளே போவது. குவாரி ரோட்டில் கல் மாவு. வயக்காட்டுப் பதர் இன்ஜினை அரிக்காது, ஃபில்டரைத்தான் சீக்கிரம் அடைக்கும். ஆடிக் காற்றில் பணகுடி, வள்ளியூர் வழி போனால் எல்லாம் கலந்தே கிடைக்கும்.

நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை காற்றை இழுக்கிறது. 2000 ஆர்பிஎம்மில் 2.5 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2500 லிட்டர், மணிக்கு 150 கன மீட்டர். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ ஏறினால் இன்னும் கூடும். அத்தனை காற்றோடும் வரும் தூசியில் பெரும்பகுதி சிலிக்கா, பிஸ்டன் ஓடும் உருளைச் சுவரான லைனர் இரும்பைவிடக் கடினமானது. ஃபில்டரைத் தாண்டிவிட்டால் முதலில் டர்போவின் காற்றாடி விளிம்பை அரிக்கும், அப்புறம் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் தேய்க்கும். ஆயில் குறைவதும், ஆயில் மூடியைத் திறந்தால் குப்பென்று புகை வருவதும் அதற்குப் பிந்திய கதை.

"புது ஃபில்டர் போட்டா மைலேஜ் ஏறுமா அண்ணாச்சி?" என்பதுதான் கடையில் எல்லாரும் கேட்பது. அடைப்பு முற்றிய ஃபில்டரை மாற்றினால் இழுவை திரும்பும், கரும்புகை குறையும். மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி ஏறாது. பார்க்க வேண்டியது, தூசியை நிறுத்துகிறதா, விளிம்பில் கசியாமல் உட்காருகிறதா என்பதைத்தான்.

வண்டிப் பெயரைச் சொல்லி மட்டும் வாங்கக் கூடாது. 2017இல் பிஎஸ் 4, 2020இல் பிஎஸ் 6 என்று புகை விதி மாறியபோது, ஒரே பெயருள்ள வண்டியிலும் ஃபில்டர் உட்காரும் ஏர் கிளீனர் டப்பா மாறியிருக்கலாம். ஆர்சி புத்தகத்திலுள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பார்ட் நம்பரை எடுக்க வேண்டும். பழைய ஃபில்டரையும் கையோடு கொண்டுபோய் உயரம், வெளி விட்டம், சீல் உட்காரும் துளையின் உள்விட்டம் மூன்றையும் வெர்னியரில் பார்க்க வேண்டும். உயரத்தில் 2 மில்லிமீட்டர் குறைந்தாலும், மூடி அழுத்திப் பிடிக்கும் வகை ஃபில்டரில் சீல் அழுந்தாது. கிளிப் மாட்டிவிடும், அதனால் கண்ணுக்குத் தெரியாது.

அடுத்து மடிப்பு. பேப்பரின் பரப்புக்கு மடிப்பு ஆழம், உயரம், எண்ணிக்கை மூன்றையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்க வேண்டும். 30 மில்லி ஆழம், 250 மில்லி உயரம், 120 மடிப்பு என்றால் 1.8 சதுர மீட்டர். வெளியே அதே அளவில், 90 மடிப்போடு வரும் மலிவுச் சரக்கில் 1.35தான். கால்பங்கு பேப்பர் போச்சு, தூசி பிடித்துவைக்கும் அளவும் அதற்கேற்பக் குறையும். எண்ணப் பொறுமை இல்லையென்றால் 5 சென்டிமீட்டருக்கு எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். மடிப்புகள் சீராக நிற்க வேண்டும். இரண்டு ஒட்டிக்கொண்டு மூன்றாவது அகன்று நின்றால் வேண்டாம். முனையிலுள்ள பியூ (பாலியூரித்தேன்) ரப்பரை நகத்தால் அழுத்தினால் உடனே மேலெழும்ப வேண்டும். கல்லாக இருந்தாலும் பிசுபிசுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம். கடைசியாக, இருட்டில் செல்போன் டார்ச்சை உள்ளே விட்டு ஒரு சுற்று. பேப்பர் மங்கலாக ஒளிரும், ஊசிப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை.

கழுவிக் கழுவிப் போடும் எண்ணெய்ப் பஞ்சு ஃபில்டர் ஆசை பலருக்கு உண்டு. இந்த மண்ணுக்கு அது ஒத்துவராது. காற்றைத் தாராளமாக விடும், கூடவே மாவுத் தூசியையும் விடும். எண்ணெய் கூடிப்போனால் காற்றளவு சென்சாரின் மெல்லிய படலத்தில் படிந்து அளவீட்டைத் தப்பாக்கும். வாங்குவதானால் ஏர் ஃபில்டருக்கான ஐஎஸ்ஓ 5011 சோதனையில் எத்தனை சதவீதம் தூசி நின்றது என்று கேட்டு வாங்குங்கள். காற்றோட்டக் கணக்கை மட்டும் நீட்டினால் விட்டுவிடலாம்.

மாட்டும்போது முதல் வேலை டப்பாவின் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பது, கிளிப்பைக் கழற்றுவது பிறகு. பழையதை மெல்லத் திருகி இழுக்க வேண்டும், வெடுக்கென்று பிடுங்கினால் விளிம்புத் தூசி நேரே டர்போ குழாய்க்குப் போகும். டப்பாவுக்குள் காம்ப்ரசர் காற்று அடிக்கவே கூடாது, ஈரத்துணி போதும். உள்ளே இரண்டாவதாகச் சின்ன பாதுகாப்பு ஃபில்டர் இருந்தால் அதைச் சுத்தம் செய்வதில்லை. வெளி ஃபில்டர் மூன்றாம் முறை மாறும்போது அதுவும் புதிதாகப் போடுவது வழக்கம். தோப்பில் நிற்கும் வண்டி என்றால் இழுப்புக் குழாயின் வாயையும் பாருங்கள். அணில் தேங்காய் நார் சேர்த்து வைத்திருக்கும், பாவம், அதற்கென்ன தெரியும்.

அடைப்பை அளக்கக் கொத்தனார் லெவல் டியூப் போதும். இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான டியூபை யூ வடிவில் பலகையில் கட்டி, பாதிவரை தண்ணீர் விட்டு, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னாலுள்ள, அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டரின் துளையில் மாட்ட வேண்டும். நடுவில் ஒரு காலி பாட்டில் கட்டாயம், இல்லாவிட்டால் தண்ணீர் டர்போவுக்குள் போய்விடும். இண்டிகேட்டர் துளை இல்லாத வண்டியில் குழாயைத் துளைக்க வேண்டாம், சீவல் உள்ளே விழும். இரண்டு பக்க மட்டத்துக்கும் இடையிலான மொத்த வித்தியாசமே அளவு. ஏறிய பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும். நிறுத்தி ரேஸ் கொடுத்துச் செய்து பார்த்ததில் பழையது ஒரு சாண் காட்டியது, புதியது நாலு விரல். லோடு ஏற்றிப் போகும்போது இரண்டுமே இதைவிடக் கூடும், ஆகவே ஒரே ஆர்பிஎம்மில்தான் ஒப்பிட வேண்டும். பல டீசல் வண்டிகளில் 20 முதல் 25 அங்குலத் தண்ணீர் அளவில் இண்டிகேட்டர் சிவப்பாகும். உங்கள் வண்டிக்கு மேனுவலில் உள்ளதே கணக்கு.

கசிவுக்குச் சோதனை வேறு. ஃபில்டருக்குப் பின்னுள்ள குழாயின் உள்சுவரில், சென்சாருக்குப் படாமல், விரலால் மெல்லிசாக கிரீஸ் பூசி விட்டு, சில வாரம் தேரியில் ஓட்டிய பின் தொட்டுப் பார்ப்பது. விரலிடுக்கில் நரநரத்தால் எங்கோ தூசி கசிகிறது. சீல் பதிந்த இடத்தில் தூசிக்கோடு ஒன்று உள்பக்கம் போயிருக்கும், அதைப் பிடித்துப் போனால் இடம் தெரியும். புது ஃபில்டரில் கிரீஸ் வழுவழுப்பாகவே இருந்தது.

வாரம் ஒருமுறை கழற்றித் தரையில் தட்டும் வழக்கம்தான் நம்மூரில் பெரிய கேடு. தட்டினால் பியூ முனை நசுங்கும், பேப்பர் கீறும். கொஞ்சம் தூசி படிந்த பேப்பர் புதியதைவிட நன்றாக வடிகட்டும், அந்தப் படிவைத் தட்டி உதிர்ப்பதில் லாபமில்லை. இண்டிகேட்டரில் சிவப்பு வரும்வரை திறக்காமல் விடுங்கள். பதர் அடைத்து வழியில்லாமல் ஊதத்தான் வேண்டுமென்றால் உள்ளிருந்து வெளியே, 2 பார் அழுத்தத்துக்குக் குறைவாக, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே ஒருமுறை. பஞ்சர் கடைக் காற்றை அப்படியே திறந்து அடித்தால் மடிப்பு கிழியும்.

திறக்காமலே வாரம் தோறும் பார்க்க வேண்டியது டப்பாவின் அடியில் தொங்கும் ரப்பர் மூக்கை. விரலால் இரண்டு தடவை அமுக்கினால் சேர்ந்த தூசி கொட்டும். அறுப்பு சீசனில் பதர் சிக்கி வாய் பிளந்தே நிற்கும், அப்போது அடியிலிருந்தே தூசியை இழுக்க ஆரம்பிக்கும். உதடு வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள், கீழ்நோக்கி நிற்கும்படி.