விளா பூஜையில் கண்ட பழனியாண்டவர்

பேரனுக்குப் பழனியில் முதல் முடி இறக்குவது என் கணவர் நேர்ந்துகொண்டது. பிறந்த கையோடு மூச்சுத் திணறி, குழந்தை இன்குபேட்டரில் கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்தார். பிள்ளையை முருகன் கொடுத்துவிட்டான். முடி இறக்கும்போது மடியில் வைத்துக்கொள்ள அவர்தான் இல்லாமல் போனார். வருஷம் திரும்பாமல் மலைக்கோயில் ஏறக்கூடாது என்று காத்திருந்து, திதி முடிந்ததும் மகன், மருமகளோடு கிளம்பினேன்.

எங்கள் வீட்டில் பழனி என்றால் சாயரட்சை, அதாவது சாயங்காலப் பூஜை, ராஜ அலங்காரம்தான். ஆண்டிக் கோலத்தில் பார்த்தால் குடும்பமும் ஆண்டியாகிவிடும் என்று மாமியார் சொல்லுவார். கிரீடம் வைத்த முருகனைப் பார்த்துவிட்டு, பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டு இறங்குவதுதான் என் கணவர் இருந்தவரை வழக்கம். இந்த முறையும் அந்த நேரத்துக்கே கணக்குப் பண்ணித்தான் வந்து சேர்ந்தோம்.

அடிவாரத்தில் கால் வைத்ததுமே ஆள் பிடிப்பவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஸ்பெஷல் தரிசனம்மா, அரை மணியில் பார்த்துடலாம்" என்று ஒருவர். செருப்பை இங்கே விடுங்கள், பூஜைத் தட்டு வாங்குங்கள் என்று இன்னொருவர் கையையே பிடித்து இழுக்கிறார். கைக்குழந்தை இருக்கிறதே என்றுகூடப் பார்ப்பதில்லை. நேர்த்திக்கடனோடு வருகிறவர்களை இப்படி வழிமறிப்பது எந்த விதத்தில் நியாயம்?

மொட்டை போட்டோம். தாத்தா மடிக்குப் பதில் என் மடி. வீறிட்டு அழுத பிள்ளை, தலையில் சந்தனம் பூசியதும் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அப்புறம் அடிவாரத்தில் இருக்கும் திருஆவினன்குடி முருகன் கோயில். அங்கிருந்து வந்தால் காற்று பலமாக இருக்கிறது என்று ரோப் கார் நிறுத்தியிருந்தார்கள். கிருத்திகைக் கூட்டம் மொத்தமும் வின்ச், அதாவது மலை மேல் இழுத்துப் போகும் ரயில் பெட்டி, வரிசையில் நின்றது. வரிசை நகர்வதற்குள் சாயரட்சை போய்விட்டது. பிள்ளையும் துவண்டுவிட்டான். சரி, காலையில் பார்க்கலாம் என்று ரூம் எடுத்தோம். எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரோடு ராஜ அலங்காரமும் போய்விட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

விடிவதற்கு முன்பே எழுந்து யானைப் பாதையில் ஏறினோம். 693 படிகளை என் முழங்கால் தாங்காது. யானைப் பாதை கொஞ்சம் சாய்வாக இருக்கும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று போகலாம். மலைகளையே காவடியாகத் தூக்கி வந்த இடும்பன் சன்னதி வந்தபோது, "அவர் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்திருக்கேன் சாமி" என்று வாய்விட்டே சொன்னேன்.

மேலே விளா பூஜை, காலையில் நடக்கும் முதல் பூஜை. திரை விலகியது. கிரீடம் இல்லை, பட்டு இல்லை, நகை இல்லை. காவியும் திருநீறும் கையில் தண்டமுமாகச் சாதுக் கோலத்தில் நின்றான். தீபம் மேலே போனபோது ஒன்பது பாஷாணங்களால் ஆனது என்று சொல்லும் அந்த நவபாஷாணத் திருமுகத்தை அவ்வளவு கிட்டத்தில் கண்டேன். வருஷக்கணக்காக ராஜாவாகப் பார்த்த அதே முகம். ஒன்றும் குறையவில்லை. நானும் பூ இல்லாமல், குங்குமம் இல்லாமல் அவன் முன்னால் நிற்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துக்கம் என்று சொல்ல முடியாது. என்னை இந்தக் கோலத்தில் பார்க்க, அவனும் அந்தக் கோலத்தில் நின்றான் என்றுதான் எனக்குத் தோன்றியது. பின்னாலிருந்து நகரச் சொல்லித் தள்ளினார்கள். கால் நகரவில்லை. பக்கத்தில் நின்ற கேரளத்துப் பாட்டி ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் மற்றவர் பாஷை தெரியாது.

காலையில் சாது, அடுத்து வேடன், அப்புறம் பாலகன், உச்சியில் வைதிகன், சாயரட்சையில் அரசன், ராக்காலத்தில் பூ அலங்காரம். ஒரே நாளில் அத்தனையும் அவன் மேல் வந்து போகிறது. அரசனாக இருந்த சாயங்காலத்தை மட்டுமே இத்தனை நாள் நாங்கள் பார்த்திருக்கிறோம். மறுநாள் விடிந்தால் மறுபடி திருநீறுதான் என்பது பக்கத்திலேயே இருந்தும் கண்ணில் படவில்லை.

ராக்காலச் சந்தனம் கிடைத்தது. இரவெல்லாம் அவன் திருமேனியில் இருந்த சந்தனம். பேரன் நெற்றியில் வைத்தேன், மகன், மருமகள் நெற்றியில் வைத்தேன், என் நெற்றியிலும் வைத்துக்கொண்டேன். மஞ்சள் துணி முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் போட்டேன். பிரகாரத்தில், அந்தச் சிலையைச் செய்தவர் என்று சொல்லப்படும் போகர் சித்தரின் சமாதியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். சாயரட்சை வரை இருந்து ராஜ அலங்காரமும் பார்த்துவிட்டுப் போகலாமா என்று மகன் கேட்டான். வேண்டாம்ப்பா, எனக்கு நிறைந்துவிட்டது என்றேன்.

மலை ஏறத் தெம்பு இருக்கும்வரை இனி எனக்கு விளா பூஜைதான். பேரப்பிள்ளையைக் கொடுத்தாய், அவர் வாக்கைக் காப்பாற்ற வைத்தாய், தனியாக வந்தவளுக்கு முகம் காட்டினாய் முருகா. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!