அவர் எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை

தமிழகத்தின் ஒரு வட்ட நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் இலவசச் சட்ட உதவி மையத்தில் வாரத்திற்கு இரண்டு நாள் வழக்கறிஞராக அமர்கிறேன். இங்கு வருபவர்களில் பெரும்பாலோர் வழக்கு என்ற சொல்லையே பயன்படுத்துவதில்லை. பட்டாவில் பெயர் ஏறவில்லை, வாரிசுச் சான்றிதழ் மனு திரும்பி வந்துவிட்டது, அடகு வைத்த நகைக்கு ரசீது இல்லை என்றுதான் தொடங்குவார்கள். சட்டப்படி தீர்வு உள்ள ஒரு சிக்கலைத் தலையெழுத்து என்று ஏற்றுக்கொண்டு, அதன் ஓரத்தில் துருத்தி நிற்கும் ஒரு காகிதத்திற்காக மட்டும் உதவி கேட்பார்கள். இதை நான் ஒரு கட்டடத் தொழிலாளியின் மனைவியிடமிருந்து, தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன்.

2022இல் அவர் முதன்முறை வந்தபோது பிரச்சினை ஓர் எழுத்து. இறப்புச் சான்றிதழில் கணவரின் பெயர் ஒரு விதமாகவும் குடும்ப அட்டையில் வேறு விதமாகவும் இருந்ததால், விதவை ஓய்வூதியத்திற்கான மனு நகரவில்லை. அதற்காக ஓர் அலுவலகத்திற்கு ஏழு முறை நடந்திருந்தார். சித்தாள் வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு ஏழு முறை என்பது ஏழு நாள் கூலி, அதற்கு மேல் பேருந்துக் கட்டணம். வேலை கொடுப்பவர் மறுவாரம் கூப்பிடுவாரா என்ற அச்சம் இவற்றோடு சேராத தனிக் கணக்கு. பிறப்பு இறப்புப் பதிவாளருக்கு மனுவும் உறுதிமொழிப் பத்திரமும் எழுதிக் கொடுத்தேன். பெயர் திருத்தமாயிற்று. கும்பிட்டுவிட்டுச் சென்றார். எனக்கும் நிறைவாக இருந்தது.

நாற்பது வயதுக் கொத்தனார் எப்படி இறந்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒன்பது மாதம் கழித்து, மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு வாங்கிய கந்துவட்டிக் கடன் பற்றிப் பேச மீண்டும் வந்தார். கடன் ஏன் இவ்வளவு பெருகியது என்று விசாரித்தபோதுதான், கணவர் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார் என்பதும், மேஸ்திரி வீட்டிற்கு வந்து ஐம்பதாயிரம் ரூபாயைக் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய முத்திரைத்தாளில் கைநாட்டு வாங்கிச் சென்றார் என்பதும் தெரியவந்தன. "காசு வாங்கிட்டேனே வக்கீலம்மா, அப்புறம் நான் எந்த மூஞ்சியோட கேக்குறது?" என்றார்.

அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் அந்த முத்திரைத்தாளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று அதன் 17ஆம் பிரிவு கூறியது. இறப்புக்கான இழப்பீட்டைக் குடும்பத்தார் கையில் கொடுத்துக் கணக்கை முடித்துவிடவும் முடியாது, இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கும் ஆணையரிடம்தான் செலுத்த வேண்டியிருந்தது. தொழிலாளி மேஸ்திரியின் ஆள் என்று சொல்லிக் கட்டட ஒப்பந்ததாரர் விலகிக்கொள்ளவும் 12ஆம் பிரிவு இடம் தரவில்லை. இழப்பீட்டுக் கணக்கில் மாத ஊதியத்திற்கு அன்றிருந்த உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் பாதியை, நாற்பது வயதுக்குரிய 184.17 என்ற காரணியால் பெருக்கினால் 13,81,275 ரூபாய் வரும். அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதி அவரிடம் காட்டியபோது, வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகிழ்ச்சி தெரியவில்லை, ஏமாற்றப்பட்டோம் என்று அன்றுதான் உணர்ந்தார்.

கோரிக்கையை இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். அவர் முதன்முறை என் முன் அமர்ந்தபோது இன்னும் நான்கு மாதம் மீதமிருந்தது. இரண்டாம் முறை வந்தபோது கெடு முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம் என்று அந்தச் சட்டம் சொன்னதால் மனு எழுதினேன். சட்டம் தெரியாது என்பதைக் காரணமாக எழுதும்போது, சட்டம் தெரிந்த நான் கேட்காமல் விட்டதை எங்கே எழுதுவது என்ற எண்ணம் எழுதி முடிக்கும்வரை விலகவில்லை.

அரசியலமைப்பில் இலவசச் சட்ட உதவி பற்றிய 39அ பிரிவு சேர்ந்தது 1976இல். சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் இயற்றப்பட்டது 1987இல், நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9 அன்று. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியுடையவர்கள். ஆகவே கணவர் விழுந்த அன்றே இவருக்கு வழக்கறிஞரைப் பெறும் உரிமை இருந்தது. ஆனால் அன்று அவர் வீட்டுக்கு வந்தவர் மேஸ்திரி. முகாம் நடத்தித் துண்டுப் பிரசுரம் கொடுப்பதை நான் குறைவாக எண்ணவில்லை. நானும் பல முகாம்களில் பேசியிருக்கிறேன். ஆனாலும் தன் துயரத்திற்கு ஒரு சட்டப் பெயர் உண்டென்று அறியாத ஒருவருக்கு, சட்ட உதவிக்கான 15100 என்ற இலவச எண்ணைச் சுவரில் பார்த்தாலும் அதை எதற்காக அழைப்பது என்று தெரியாது.

தாமதம் மன்னிக்கப்பட்டது. அதன்பின் வந்த சிக்கல் சாட்சி. வருகைப் பதிவேடு கிடையாது, கூலி கையில் கொடுக்கப்பட்டது, அந்த இடத்தில் கணவர் வேலையே செய்யவில்லை என்று எதிர்த்தரப்பு மறுத்தது. உடன் வேலை செய்தவர்கள் அதே மேஸ்திரியிடம் பிழைப்பவர்கள், அவர்கள் தயங்கியதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். நான்காம் வாய்தாவில் ஒருவர் மட்டும் வந்தார். கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய்விட்ட அவர் இரவுப் பேருந்தில் வந்து, இரண்டு நாள் கூலியை விட்டு, பாதுகாப்புப் பட்டை யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்பது உட்படப் பார்த்ததை எல்லாம் சாட்சியமாகச் சொன்னார்.

படியில் இறங்கும்போது அவர் என்னைத் தனியே நிறுத்தி, இடக்கையைக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. "கம்பி வெட்டுற மெஷின்ல போச்சு மேடம். மருத்துவச் செலவ அவங்களே பாத்துக்கிட்டாங்க. நலவாரிய அட்டைய மட்டும் புதுப்பிக்கணும், அதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கேட்டார்.

அட்டையைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு, விரல் போன தேதியைக் கேட்டேன்.