48 ஆட்டங்களும் என் முதற் பனிக்காலமும்

நான் ரொறன்ரோவில் வந்திறங்கிய 2012 ஒக்டோபரில் இந்த நகரத்தின் பனித்தள ஹொக்கி அணியான மேப்பிள் லீவ்ஸ் ஓர் ஆட்டமும் ஆடிக்கொண்டிருக்கவில்லை. வருமானத்தைப் பங்கிடுவதில் எழுந்த பிணக்கினால் தேசிய ஹொக்கி லீக்கின் அணி உரிமையாளர்கள் செப்டெம்பர் நடுப்பகுதியிலேயே வீரர்களை வெளியே நிறுத்திக் கதவடைத்திருந்தார்கள். கதவடைப்பு என்றால் கடைக்காரர்கள் எதிர்ப்புக் காட்டிக் கடையைப் பூட்டுவது என்றே யாழ்ப்பாணத்தில் அறிந்திருந்த எனக்கு, முதலாளிகள் தொழிலாளருக்கு எதிராகத் தங்கள் சொந்தக் கடையையே பூட்டுவார்கள் என்பதும், அந்தத் தொழிலாளர்களிற் பலர் கோடீசுவரர்கள் என்பதும் விளங்கச் சில நாட்கள் எடுத்தன.

ஸ்காபரோவில் அக்கா வீட்டுக் கூடத்தில் கிடந்த சோபாதான் எனக்குக் கிடைத்த முதல் இருப்பிடம். தொலைக்காட்சிப் பெட்டியும் அங்கேயே இருந்தபடியால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்த வீட்டில் பார்க்கப்படுவதையெல்லாம் நானும் பார்க்கவேண்டியிருந்தது. "மாமா, எங்கட ஆக்கள் இன்னும் விளையாடத் தொடங்கேல்லை" என்று 11 வயது மருமகன் முதல் வாரத்திலேயே முறையிட்டான். 'எங்கட ஆக்கள்' என்ற சொல்லை அதுவரை நான் ஊராரையும் உறவினரையும் இன்னும் சிலரையும் குறித்தே கேட்டிருக்கிறேன். அவன் காட்டிய படத்தில் இருந்தவர்களில் எங்கள் சாயலில் ஒருவரும் இல்லை. லெபனானிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த நசெம் காட்ரியைக் காட்டி, "இவர் கொஞ்சம் எங்களைப் போல" என்று எனக்காக விட்டுக்கொடுத்தான்.

ஜனவரி முதல் வாரத்தில் உடன்பாடு ஏற்பட்டது. வழக்கமான 82 ஆட்டங்களுக்குப் பதிலாக 48 ஆட்டங்களோடு பருவத்தை முடிப்பதென்று தீர்மானித்தார்கள். சில நாட்களில் லீவ்ஸ் தன் பொது முகாமையாளர் பிரையன் பேர்க்கை வேலையிலிருந்து நீக்கியது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே ஆளை அனுப்பும் வேலைத்தலங்கள் இங்கே உண்டு என்பதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். ஜனவரி 19, சனிக்கிழமை, மொன்றியலில் நடந்த முதல் ஆட்டத்தை லீவ்ஸ் 2-1 என்று வென்றது.

கிரிக்கெட்டில் வளர்ந்த கண்ணுக்கு ஹொக்கி முதலில் ஒரு குழப்பம். பக் எனப்படும் அந்தக் கறுப்பு இறப்பர் வில்லை எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. கோல் விழுந்த பின்னர் மெதுவாகத் திருப்பிக் காட்டும்போதுதான் விழுந்த விதம் தெரியும். கோல் காப்பாளருடன் சேர்த்து ஒரு பக்கத்துக்கு 6 பேர், 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகள், முறைகேட்டுக்கு 2 நிமிடம் பெட்டிக்குள் தனியிருப்பு என்று மருமகன் ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தான். அதில் என்னை மிகவும் கவர்ந்தது, வீரர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தளத்தில் நின்று, ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தடுப்பைத் தாண்டி மாறிக்கொள்வதுதான். அதற்கும் 'சிப்ட்' என்றே பெயர். வெதுப்பகத் தொழிற்சாலையொன்றில் 8 மணிநேர இரவுச் சிப்ட் செய்துவந்த எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

பெப்ரவரி 8ஆம் திகதி நகரம் முழுவதையும் சினோ என்று இங்கே சொல்லும் வெண்பனி மூடியது. அத்தானும் நானும் காரை மீட்க வாரிக் கொட்டியதில் முதுகு விட்டுப்போனது. மறுநாள் மாலை அசைய முடியாமல் சோபாவிற் கிடந்தபடி, லீவ்ஸ் மொன்றியலை 6-0 என்று வென்றதைப் பார்த்தேன். அரங்குக்குப் போய்ப் பார்க்கும் எண்ணமே எழவில்லை. நுழைவுச்சீட்டின் விலை எங்கள் வீட்டுக்கு ஏற்றதன்று. மருமகனும் உண்மையான பனித்தளத்தில் விளையாடவில்லை. உடைக்கும் சப்பாத்துக்கும் லீக் கட்டணத்துக்கும் பணம் பற்றாது என்பதால், அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்தில் பந்தை வைத்துத்தான் விளையாடினான்.

அணி 57 புள்ளிகளுடன் கிழக்குப் பிரிவில் ஐந்தாவதாக முடித்து, 2004க்குப் பின்னர் முதல் தடவையாக, கிண்ணத்துக்கான பிளே ஓஃப் என்ற இறுதிக்கட்டச் சுற்றுக்குள் நுழைந்தது. கார்களில் நீலக் கொடிகள் பறந்தன. பொஸ்ரன் புறூயின்சுடனான தொடரில் 1-3 என்று பின்தங்கியிருந்த லீவ்ஸ், அடுத்த இரண்டையும் 2-1, 2-1 என்று வென்று, மே 13ஆம் திகதி, தொடரை முடிவு செய்யும் ஏழாவது ஆட்டத்துக்காகப் பொஸ்ரனுக்குப் போனது. அன்று நான் சிப்டை மாற்றிக்கொண்டு வீட்டில் நின்றேன்.

மூன்றாம் பகுதியின் ஆறாவது நிமிடத்தில் காட்ரி அடித்தபோது லீவ்ஸ் 4-1 என்று முன்னிலையில் இருந்தது. மருமகன் சோபாவில் ஏறிக் குதித்தான். அக்கா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தார். அத்தான் மட்டும் சிரிக்கவில்லை. 1993இல் எதிரணி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியின் ஹொக்கிக் கட்டை லீவ்ஸ் வீரர் டக் கில்மோரின் முகத்தில் பட்டதை நடுவர் தண்டிக்காமல் விட்ட கதையை, நம்மூரில் வேலி வழக்கைச் சொல்வதுபோல ஆண்டுதோறும் புதிதாகச் சொல்பவர் அவர். "மணி அடிக்கட்டும்" என்றார். பொஸ்ரன் ஒரு கோலைத் திருப்பியது. பின்னர் தன் கோல் காப்பாளரை வெளியே எடுத்து ஆறாவது தாக்குபவரை இறக்கி, 1 நிமிடம் 22 விநாடி இருக்கையில் ஒன்றும், 51 விநாடி இருக்கையில் இன்னொன்றும் போட்டது. மேலதிக நேரத்தில் பற்றிஸ் பெர்ஜெரோன் அடித்த கோலுடன் 5-4 என்று எல்லாம் முடிந்தது. ஏழாவது ஆட்டத்தின் மூன்றாம் பகுதியில் 3 கோல்களால் பின்தங்கிய ஓர் அணி வென்றது லீக்கின் வரலாற்றில் அதுவே முதல் தடவை. அத்தான் ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்தார்.

காலையில் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. குரல் ஏன் அடைத்திருக்கிறது என்று கேட்டார். நித்திரைக் கலக்கத்தில் "எங்கட ஆக்கள் தோத்திட்டினம், அம்மா" என்றேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரு தாயிடம் மே மாதத்தில் சொல்லக்கூடாத வாக்கியம் அது என்பது, மறுமுனை அமைதியான பிறகே உறைத்தது.

"எந்த ஆக்கள்?" என்று கேட்டார்.

பனித்தளம், கட்டை, இறப்பர் வில்லை என்று நெடுநேரம் விளக்கினேன். இவர்கள் கடைசியாகக் கிண்ணம் வென்றது எப்போது என்று கேட்டார். 1967 என்றேன். தானும் ஐயாவும் கலியாணம் கட்டிய வருடம் அது என்றார்.